தமிழ்நாடு மட்டும்

குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது, என் சிநேகிதன் தன் துப்பாக்கி லைசென்ஸை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டினான். ஊதா மசியில் ஒரு முத்திரை. இந்தியா முழுவதும் செல்லும் என்றது அது.

“நேத்துதான் போட்டுக் குடுத்தாங்க மச்சான். அடுத்த மாசம் டெல்லி போட்டிக்கு நம்ம சொந்த பிஸ்டலோட போறோம்.”

நம்ம என்று அவன் சொன்னது அவனை மட்டும்.

இருவரும் ஒரே துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து, ஒரே போட்டிக்குத் தேர்வானவர்கள். குறி பார்ப்பதில் நான் ஒரு படி மேல்; அவனே டீக்கடையில் ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் என் லைசென்ஸில் இருந்தது ‘தமிழ்நாடு மட்டும்’. மாநில எல்லையான கும்மிடிப்பூண்டியைத் தாண்டி பிஸ்டலோடு ரயிலில் உட்கார்ந்திருந்தால் நான் குற்றவாளி. அந்த இரண்டு வார்த்தையும் அதுவரை என்னை உறுத்தியதே இல்லை. ரயில் தாம்பரம் சேர்வதற்குள் எனக்கும் அந்த முத்திரை வேண்டும் என்றாகிவிட்டது. அவனுக்கு வாழ்த்துச் சொல்லாமலே இறங்கிக்கொண்டேன்.

மறுநாளே காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மனு டைப் அடிப்பவர், “துப்பாக்கியா? எனக்குத் தெரியும் தம்பி” என்று மடமடவென்று அடித்தார். திரும்பும் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டு, உள்ளே கொடுத்துவிட்டு ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து, கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு வாசலில் விசாரணைக்கு வந்த ஏட்டு சைக்கிளை நிறுத்தினார்.

“இன்னா தம்பி, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்துன்னு எழுதிக்கீற? எவன் அவன்?”

காபி கொண்டுவந்த அம்மா டம்ளரை ஏட்டின் கையில் திணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஐயையோ, யாருடா அது?”

“யாரும் இல்லம்மா! அந்த டைப் அடிக்கிறவர் எல்லாருக்கும் அப்படித்தான் அடிப்பார் போல.”

“யார்னா பொறாமைல எதுனா பண்றாங்களா? பயப்படாம சொல்லு” என்றார் ஏட்டு.

பொறாமை என்றதும் ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது, ஊதா முத்திரையோடு. ஆனால் பொறாமைப்பட்டது யார் என்று அவரிடம் சொல்ல முடியுமா? காபியைக் குடித்துவிட்டுப் போனவர், ஆபத்து ஒன்றுமில்லை என்று நேர்மையாக எழுதிவிட்டார். ஆபத்து இல்லையென்றால் முத்திரையும் தேவையில்லை. மனு திரும்பி வந்தது.

சிநேகிதன் விழுந்து விழுந்து சிரித்தான். “கீழ்க்கட்டளைல கொசுவைத் தவிர உன்னை எவன்டா கடிக்கப் போறான்?” பிறகு தோளில் கை போட்டான். “பேஜாராவாத மச்சான். சும்மா என்கூட வா. என் பையைப் புடிச்சிக்கோ, டெல்லியச் சுத்திப் பாக்கலாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் பையை நான் பிடிப்பதா!

அன்று சாயங்காலமே கிளப் செயலாளரைப் பார்த்து, போட்டிக்குத் தேர்வானதற்குச் சான்று வாங்கினேன். புது மனுவை என் கையாலேயே எழுதினேன். அதில் உயிரும் இல்லை, உடைமையும் இல்லை. டெல்லியில் சுட வேண்டும், அவ்வளவுதான். விடிந்ததும் பெருங்களத்தூரில் முதல் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிப்பது. இந்தத் தடவை திரும்பும் பஸ் போனால் போகட்டும், முத்திரை போடும் அதிகாரியை நேரில் பார்க்காமல் நகர்வதில்லை.