இடது பக்கக் கதவு

மூன்று மாதம் என் காரின் முன்பக்க இடது கதவு திறக்காமலே கிடந்தது. சரி செய்ய நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். பள்ளியில் கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன். இரண்டுமே உண்மையில்லை. பொம்மையார்பாளையத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே ஒரு டிங்கரிங் ஷெட் இருக்கிறது.

நான் மரக்காணம் தாண்டி ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாற்பத்தோரு வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் கணவருக்கு அதில் விருப்பமில்லை. ஈசிஆரில் வண்டிகள் வருகிற வேகத்துக்கு உன்னால் முடியாது, பஸ்ஸிலேயே போ என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். நான் பிடிவாதமாக ஒரு பழைய காரை என் பெயரில் வாங்கினேன். இரண்டு வருடம் அதில் ஒரு கீறல் விழவில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அன்று காலை எட்டேகால் இருக்கும். உப்பளங்களுக்கு நடுவே சாலை நேராகப் போகிற இடம். உப்பளத்தில் விடிகாலை வேலையை முடித்துவிட்டு ஒருவர் எனக்கு முன்னால், சாலையின் இடது ஓரமாக, சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவரை நான் பார்த்தேன். அவரைப் பார்த்த பிறகுதான் பக்கத்து சீட்டில் வெளிச்சம் வந்த போனைப் பார்த்தேன். ஆசிரியர்கள் குரூப்பில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. நிமிர்ந்தபோது இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தன. என் இடது பக்கத்திலேயே தகரம் கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது.

நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். சைக்கிள் அவர் மேல் கிடந்தது. வலது கால் பார்க்க முடியாதபடி மடங்கியிருந்தது. தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தார். உப்பளத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"எப்டிம்மா ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"திடீர்னு ரைட்ல திரும்பிட்டாருங்க," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. சொல்லும்போது என் மனதில் இருந்தது கீழே கிடந்தவர் இல்லை. அன்று மாலை வீட்டில் நான் பார்க்கப் போகிற என் கணவரின் முகம்.

ஆம்புலன்ஸ் வரவழைத்து அவரைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள்தான் அவர் சரியாகப் பேசினார். என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னைத்தான் கேட்டார். நான் அதையே மறுபடியும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி கிடந்தார்.

"ரைட்ல ஒரு டீக்கடை இருக்குது. டீ குடிக்கத் திரும்பியிருப்பேன் போலருக்குது," என்றார்.

போலீஸ் வந்து எழுதியபோதும் அப்படியே சொன்னார். தப்பு தன்னுடையது, வழக்கு எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள், மடக்கக் கூடாது. பின் சீட்டில் குறுக்காக உட்காரவைத்துக் காலை நீட்டிவிடுவோம். அவருடைய மனைவிக்கு இடம் முன்சீட்டில்தான். அந்தக் கதவு திறக்காது என்பதால் டிரைவர் பக்கம் ஏறி, புடவையை இடுக்கிக்கொண்டு, கியரைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்காருவார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

அவரும் உப்பளத்தில்தான் வேலை செய்தார். வழியெல்லாம் கணவரைத் திட்டிக்கொண்டே வருவார். "கண்ண எங்க வச்சிகினு போன? பின்னால வண்டி வருதான்னு பாக்க மாட்ட? டீச்சர் நல்லவங்களா இருக்கப்போய் ஆச்சு." பின்சீட்டிலிருந்து பதில் வராது. நான் சாலையைப் பார்த்து ஓட்டுவேன். அவர்கள் தெருவில் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டார்கள். இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்கள் எத்தனை பேர், இந்த டீச்சரைப் போல யார் செய்வார்கள் என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

கதவைச் சரி செய்யும் பேச்சை எடுத்தது அவர்தான். ஒரு சனிக்கிழமை மனைவிக்கு வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், இந்தக் கதவ ஏன் இப்டியே போட்டு வச்சிருக்கீங்க? என்னாலதான ஆச்சு. மரக்காணத்துல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் ஷெட் போட்டிருக்கான். நான் சொன்னா உடனே பண்ணித் தருவான். இதுகூட உங்களுக்குச் செய்யலன்னா எப்டி?"

வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

ஷெட் சாலையோரத்திலேயே இருந்தது. டிங்கர் முப்பத்தைந்து வயதுக்காரர். என்னோடு வந்தவரை "அண்ணா" என்று கூப்பிட்டு, கைத்தாங்கலாக இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டிக்கொள்ள ஒரு டின்னையும் இழுத்துப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு காரிடம் வந்தார்.

கைப்பிடியை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்தார். "லாக்கு வேலை செய்யுது மேடம். கதவுதான் வெளிய வர வழி இல்ல," என்றார். கதவுக்கு முன்னால், சக்கரத்தை மூடியிருக்கிற ஃபெண்டர் தகடு பின்பக்கமாக நகர்ந்து, கதவின் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததைக் காட்டினார். மூன்று மாத உப்புக்காற்றில் அந்த மடிப்பு முழுக்கத் துரு. கீலும் துரு. ஃபெண்டரைக் கழற்றலாம் என்றால் அதன் ஒரு போல்ட் கதவைத் திறந்தால்தான் கைக்கு வரும்.

முதலில் துருவின் மேல் எண்ணெய் அடித்து ஊறவிட்டார். சக்கரத்தைக் கழற்றி, ஃபெண்டரின் உள்பக்கம் ஒரு கொக்கியை மாட்டி, சங்கிலியை ஷெட்டின் இரும்புத் தூணில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்தார். இடைவெளி நகக்கண் அளவு வந்ததும் மரத்துண்டு ஒன்றைச் செருகித் தட்டினார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து உள்கைப்பிடியை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.

"விடாதீங்க மேடம். நான் சொல்ற வரைக்கும் இழுத்துப் பிடிங்க."

உள்ளங்கையால் கதவை மூன்று முறை அறைந்து, கம்பியை வைத்து நெம்பினார். ஒரு முனகலோடு கதவு விட்டுக்கொடுத்தது. முழுதாகத் திறக்கவில்லை. பாதிதான். கீலில் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட மீதியும் வந்தது. நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். "சொன்னேன் பாத்தீங்களா," என்றார்.

டிங்கர் கதவின் பக்கத்தில் குந்தி, நசுங்கிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். வேலை தெரிந்த ஆளின் சாதாரணப் பேச்சாகத்தான் சொன்னார்.

"இது ஹேண்டில்பார் இழுத்த கோடுண்ணா. முன்னாலேர்ந்து பின்னால நேரா வந்திருக்குது பாரு. சைக்கிள் ஓரமா நேராத்தான் போயிருக்குது. கார்தான் அதுமேல வந்து சாஞ்சிருக்குது."

"இல்லப்பா, நான் குறுக்க திரும்பிட்டேன்," என்றார் அவர்.

"குறுக்க வந்திருந்தா முன்னால பம்பர்ல பட்டிருக்கும், லைட்டு ஒடஞ்சிருக்கும். ரெண்டும் அப்டியே இருக்குதே."

பிறகுதான் டிங்கருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு என்ன தெரியும். பாத்தத சொன்னேன்," என்று முணுமுணுத்துவிட்டு, சுத்தியலைத் தேடுகிற மாதிரி உள்ளே போனார்.

நாற்காலியில் இருந்தவர் பம்பரைப் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். பிறகு அந்தக் கோட்டை. என்னைப் பார்க்கவில்லை. நான் இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தேன். கைப்பிடியை விட்டுவிட்டிருந்தாலும் விரல்களில் அதன் அச்சு இருந்தது. அப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சைக்கிள் திரும்பியதைப் பார்த்து நான் இடது பக்கம் ஒடித்தேன் என்று சொல்லலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அது வந்ததுதான் எனக்கு என்மேல் பயத்தைக் கொடுத்தது.

ஃபெண்டரையும் கீலையும் சரி செய்யவே மதியம் தாண்டிவிட்டது. நசுங்கலை இன்னொரு நாள் எடுக்கலாம் என்றார் டிங்கர். நாற்காலியில் இருந்தவரை முன்சீட்டில் உட்காரவைத்து, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினோம். காலை நீட்டி உட்கார வசதியாக இருந்தது. உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் அவர் கேட்டார்.

"டீச்சர், நான் எந்தப் பக்கமா போய்க்கினு இருந்தேன்?"

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். "லெஃப்ட்ல. ஓரமாத்தான். நீங்க திரும்பல. நான் போனப் பாத்துட்டு இருந்தேன்."

"போன்ல யாரு?"

"யாருமில்ல. குரூப்ல ஒரு வாழ்த்து வந்திருந்துது."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"எம் பொண்டாட்டி தெனம் கேக்கறா. காலங்காத்தால குடிச்சிருந்தியான்னு. முந்தின நாள் கொஞ்சம் குடிச்சேன்தான். அதனாலதான் திரும்பிட்டனோன்னு நானே நெனச்சிகினு இருக்கேன் டீச்சர். மூணு மாசமா தூக்கம் இல்ல. நான் சொன்னா இப்ப நம்ப மாட்டா. நீங்க வந்து அவகிட்ட சொல்லுங்க."

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி குடத்துத் தண்ணீரால் காலில் இருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கதவு திறந்து கணவர் முன்சீட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்து, "அட, சரியாயிடுச்சா?" என்று மலர்ந்த முகத்தோடு வந்தார். அந்த முகத்திடம்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நின்றபடியே சொன்னேன். இரண்டு மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் என்னிடம் திரும்பவில்லை. கணவரிடம்தான் பேசினார். "ஏன்யா, நான் அவ்ளோ பேசினேனே. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு எப்டித் தெரியும்?"

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. சற்றுக் கழித்து, "நீங்க போங்க டீச்சர்," என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

அன்று மாலையே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்த முகம் அவரிடம் வரவே இல்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "முடிஞ்சத இப்ப எதுக்குக் கெளர்ற? வேலைக்கு ஏதாவது வந்துட்டா?" என்றார். மூன்று மாதம் நான் அஞ்சியது இவ்வளவுதானா என்று இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பஸ்ஸில் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிப் படியேறினாரோ. அதற்கடுத்த வாரமும் பூட்டித்தான் இருந்தது. பிறகு நான் போகவில்லை.

என் மேல் வழக்குப் பதிவாகி, கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். பள்ளியில் விஷயம் பரவியது. அந்தக் குரூப்பில் கொஞ்ச நாள் யாருமே எதுவும் போடவில்லை. நான் எதிர்பாராதது, கால் உடைந்தவர் போட்ட நஷ்டஈட்டு வழக்கில் நடந்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், அவர் முதலில் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"நீங்களே திரும்பினதா இதுல சொல்லியிருக்கீங்களே. இப்ப மாத்திச் சொல்றீங்க. காசுக்காகவா?"

ஊன்றுகோலில் சாய்ந்து நின்றவர் அந்தத் தாளையே பார்த்தார். சாட்சிக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை விரலால் காட்டவில்லை.

"ஆஸ்பத்திரில டீச்சர் சொன்னாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. படிச்சவங்க சொல்றாங்களேன்னு நானும் சொன்னேங்க," என்றார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அதே வக்கீல் என்னிடம், அப்போது பொய் சொன்னீர்களா இப்போது சொல்கிறீர்களா என்று கேட்டார். அப்போது என்றேன். உங்களை எதற்கு நம்ப வேண்டும் என்றார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா நாட்களில் நானும் போகிறேன். அவர் இப்போது உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கொட்டகையில் காவலுக்கு இருக்கிறார். உப்புநீரில் நின்று வேலை செய்ய அந்தக் கால் தாங்காது. கோர்ட் வாசலில் பார்த்தால் தலையசைப்பார். அவருடைய மனைவி பேசுவதில்லை. போன முறை நல்ல மழை. இருவரும் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். காரைப் பக்கத்தில் நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

"பஸ் வந்துரும் டீச்சர்," என்றார் அந்த அம்மாள். கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றார்.