இருவருக்கு ஒரு சோடி ஸ்கி

எல்லாப் பனிக்கும் பொருந்துகிற ஸ்கி, அதாவது பனிச்சறுக்குப் பலகை, எது என்று இப்போது யாராவது கேட்டால் வாய் மூடாமல் கதைப்பேன். பாரிஸ் லாச்சப்பலில் பலசரக்குக் கடையில் மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்காயும் அடுக்குகிறவன் கதைக்கிற கதையா இது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த அறிவு முழுக்க ஒரே ஒரு சோடி ஸ்கியால் வந்தது. அந்தச் சோடியில் பாதிதான் எனக்குச் சொந்தம். மற்றப் பாதி என் சிநேகிதனுடையது.

2009இல் நாங்கள் பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் ஒரே அறையில் இருந்தோம். எங்களோடு இன்னும் சிலர். அவன் என் கடைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. அதற்கு முன் இரண்டு மாரி, பனிக்காலம் முழுக்க, அல்ப்ஸ் மலையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியிருந்தான். பின்னேரங்களில் வேலையாட்களுக்குப் பழைய ஸ்கிகளைக் கொடுத்து விளையாட விடுவார்களாம். அங்கேதான் பழகினான். ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடம்புமாக இருந்த அவன் பனியில் சறுக்கியதாகச் சொன்னபோது நான் நம்பவில்லை. நான் அவன் தோள் மட்டும்தான் வருவேன். ஒருமுறை மலைக்கு இழுத்துக்கொண்டு போனான். முதல் நாள் முழுக்க விழுந்து, அவனையும் அவன் பரம்பரையையும் திட்டித் தீர்த்தேன். மறுநாள் மத்தியானம் ஒரு சின்னச் சரிவில் விழாமல் இறங்கினேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

பாரிஸ் திரும்பிய பிறகு எங்களுக்கு வேறு கதையே இல்லை. வேலை இடைவேளையில் தேநீர்க் கடை வாசலில் நின்று, தலைக்கு மேலே மெட்ரோ போகிற சத்தத்தில், மலையில் இன்று என்ன பனி கிடக்கும் என்று விவாதிப்போம். பிரெஞ்சுக்காரர் பனிக்கு வைத்திருக்கிற பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அவனே பெயர் வைத்தான். இரவு புதிதாக விழுந்த பனி, அரிசிமா மாதிரிக் கிடப்பதால், மா. அதன் மேல் நூறு பேர் போய்க் கிளறிவிட்டால் புட்டு. பங்குனி வெயிலில் இளகினால் கூழ். நிழல் பக்கத்தில் இறுகிப்போய் மினுங்குவது கண்ணாடி. ஒரு நாளிலேயே காலையில் கண்ணாடி, மத்தியானம் புட்டு, பின்னேரம் கூழ் என்று மாறும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கிற ஒரு சோடி சொந்தமாக வேண்டும் என்றான் அவன்.

மலையடியில் ஸ்கி வாடகைக்கு விடுகிற கடைகள் பருவம் முடிகிறபோது பழைய சோடிகளைக் கழித்து விற்கும். அப்படி ஒரு கடைக்குப் போனோம். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி மூன்று சோடிகளைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். முதலாவது இடுப்பு ஒடுங்கியது. கண்ணாடியில் கத்தி மாதிரிப் பிடிக்கும், மாவுக்குள் போனால் புதைந்துவிடும் என்றார். இரண்டாவது அகலமானது. மாவில் மிதக்கும், கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு தன் பாட்டில் போகும். மூன்றாவது இரண்டுக்கும் நடு. எதிலும் முதலிடம் வராது, எதிலும் கைவிடாது. என் சிநேகிதன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கட கறித்தூள் மாதிரி, மீனுக்கும் அதுதான் கத்தரிக்காய்க்கும் அதுதான் என்றான். அதோடு அகலப் பிரச்சினை தீர்ந்தது.

பிறகு அந்த அம்மா, இது யாருக்கு என்று கேட்டார். இரண்டு பேருக்கும் என்றோம். அப்படியானால் இரண்டு சோடி என்று உள்ளே திரும்பினார். இல்லை, இரண்டு பேருக்கும் ஒரு சோடி என்றோம். முதலில் சிரித்தார். நாங்கள் சிரிக்காததைக் கண்டு முகம் மாறி, ஸ்கி என்பது ஆளுக்கு ஆள் எடுப்பது, உயரம் பார்க்க வேண்டும், பாரம் பார்க்க வேண்டும், ஆளின் சுபாவம் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். உங்கள் இருவருக்கும் நடுவான நீளம் எடுத்தால் இருவருக்குமே பிழைக்கும், யாருக்கும் பொருந்தாது என்றார். நாங்கள் தமிழில் கொஞ்ச நேரம் இழுபறிப்பட்டு, நடுவான நீளத்தையே எடுத்தோம். இருவருக்கும் பிழைக்கும் என்று அவர் சொன்னது எங்களுக்கு இருவருக்கும் சமன் என்றுதான் பட்டது.

எங்கள் அறையின் சட்டம் அது. பிரிபெக்சர் என்கிற அரச அலுவலகத்துக்கு விசா அலுவலாகப் போவதற்கென்று அறையில் ஒரு நல்ல கோட் இருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து வாங்கியது. யார் போட்டாலும் எங்கேயாவது கொஞ்சம் இழுக்கும் அல்லது தொங்கும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான், அரிசி அவிக்கிற பெரிய பானையும் அப்படித்தான். ஸ்கியும் அந்த வரிசையில் சேர்ந்தது.

அதை ரயிலில் கொண்டுவந்து அறைக்குள் நுழைத்தபோது, எங்களுக்கு மூத்த அண்ணை ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். ஊரே பனியிலை வழுக்கி விழக்கூடாதெண்டு பாத்துப் பாத்து நடக்குது, இவங்கள் விழுறதுக்கெண்டு சாமான் வாங்கியிருக்கிறாங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். கோடையில் அதே அண்ணைதான் ஸ்கிகளை இரண்டு கதிரைகளுக்கு இடையில் வைத்துச் சாரம் காயப்போட்டார்.

ஒரு சோடியில் இருவர் சறுக்குவது எப்படி என்றால், ஒருவன் மேலே போவான், மற்றவன் கீழே நிற்பான். வாடகைக் கடையிலிருந்து வந்த ஸ்கி என்பதால் சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தலாம். அவன் இறங்கி வந்ததும் நான் குந்தியிருந்து அவன் கால்களிலிருந்து ஸ்கியைக் கழற்றிவிடுவேன். பூட்டை என் சப்பாத்து அளவுக்கு இழுத்து, அவன் பாரத்துக்கு இறுக்கியிருந்ததை எனக்கு இளக்கி, மாட்டிக்கொண்டு, ஆட்களை மேலே கொண்டுபோகிற கதிரை லிப்டில் ஏறிவிடுவேன். கார் பந்தயத்தில் சில்லு மாற்றுகிறவர்கள் எங்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ஒரேயொரு விதி வைத்திருந்தோம். கீழே நிற்பவன் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. முதல் வருடம் நான் குளிர் தாங்காமல் கோப்பி குடிக்கப் போய், அவன் என்னைத் தேட, நான் அவனைத் தேட, அரை நாள் வீணானது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. கைபேசியும் உதவாது. விழுந்தால் உடையும் என்று இருவரும் அதைப் பாரிஸிலிருந்து எங்களைக் கூட்டிவருகிற பேருந்தில் பையோடு விட்டுவிட்டுத்தான் வருவோம்.

ஸ்கி சொன்ன சொல் தவறவில்லை. கண்ணாடியில் கொஞ்சம் முணுமுணுக்கும், ஆனால் பிடிக்கும். புட்டில் குலுக்கும், ஆனால் கவிழ்க்காது. கூழில் பாரமாக இருக்கும். மாவில் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் மிதக்கும். எனக்கு அது நீளம், திருப்பும்போது வால் பின்தங்கி வரும். அவனுக்கு அது கட்டை, வேகம் பிடித்தால் முனை நடுங்கும். இவையெல்லாம் எனக்கு ஸ்கியில் நின்று தெரிந்ததைவிடக் கீழே நின்று அவனைப் பார்த்துத்தான் கூடத் தெரிந்தன. சரிவில் நூறு பேர் இறங்கினாலும் அதில் அவன் யார் என்று எனக்குத் தெரியும். வலப்பக்கம் திரும்ப முன் தோளை ஒருக்கால் தூக்குவான். கடைசிச் சரிவில் என்னைக் கண்டதும் தேவையில்லாமல் ஒரு வளைவு கூடப் போடுவான். இறங்கி வந்ததும் நான் பிழை சொல்வேன். நான் இறங்கினால் அவன் சொல்வான். குந்தாதை, நிமிந்து நில், உனக்கு ஆரும் அடிக்கப்போறேல்லை என்று கத்துவான். பக்கத்தில் நிற்கிற பிரெஞ்சுக்காரருக்கு நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்றுதான் விளங்கியிருக்கும். அந்த மாரிகள் எனக்கு இப்போதும் அப்படியே வேண்டும். எதைக் கொடுத்தாவது வேண்டும்.

அப்படியே சில வருடங்கள் போயின. அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் முடித்து கார்ஜ், சென் தெனி என்று வேறு புறநகர்களுக்குப் போனார்கள். பிறகு அவனுக்கும் சம்பந்தம் பொருந்தியது. பொம்பிளை ரொறன்ரோவில். விசாவும் வந்தது. கடை முன்னால் வாழைக்குலைப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். தெருவைக் கடந்து வந்து சொன்னான். நல்லது மச்சான் என்றேன். என் முகம் நல்லது என்று சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அவன் பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான்.

"இத்தனை வரியமா மலைக்குப் போறம். ஒருக்காலும் ரெண்டுபேரும் ஒண்டா இறங்கினதில்லை, யோசிச்சனியே? போறதுக்கு முன்னம் ஒருக்காலெண்டாலும் சேந்து இறங்கவேணும்."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவன் இறங்கும்போது நான் கீழே. நான் இறங்கும்போது அவன் கீழே. பக்கத்தில் பக்கத்தில் ஒரு முறைகூட இல்லை. அந்த ஒரு முறை எனக்கும் வேண்டும் என்று அப்போது மனம் அடித்துக்கொண்டது. பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிறுக்கு இருவரும் லீவு எடுத்தோம்.

எங்கள் சோடியை அறையிலேயே விட்டுவிட்டு, மலையடியில் ஆளுக்கு ஒரு சோடி வாடகைக்கு எடுத்தோம். கடையில் நின்ற பெடியன் எங்களைத் தனித்தனியாக நிறுத்தி, உயரம் கேட்டான், பாரம் கேட்டான், எந்தப் பனி பிடிக்கும் என்று கேட்டான். என்னிடம் அதை யாரும் தனியாகக் கேட்டதில்லை. எனக்கு மா பிடிக்கும். அகலமான, என் நாடி உயரம் மட்டும் வருகிற ஒரு சோடியைத் தந்தான். என் சிநேகிதனுக்குக் கண்ணாடியும் வேகமும் பிடிக்கும். அவனுக்கு ஒடுங்கிய, நீளமான சோடி. கடைக்கு வெளியே வந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்து இளித்துக்கொண்டு நின்றோம். பொருத்தமான கோட்டை முதல்முறை போட்டவர்கள் போல.

கதிரை லிப்டிலும் முதல்முறையாக ஒன்றாக இருந்தோம். அவன் வழிநெடுகக் கனடாவில் மலை எங்கே இருக்கிறது என்று கதைத்தான். உச்சியில் இறங்கி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, இருவரும் புறப்பட்டோம். காலை வேளை, சரிவு முழுக்கக் கண்ணாடி. அவன் ஸ்கி அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு பறந்தது. அப்படி ஒரு இறக்கத்தை அவனிடம் நான் கண்டதேயில்லை. முனை நடுங்கவில்லை, தோள் தூக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் என் அகலப் பலகை கண்ணாடியில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. ஓரத்தில், வெயில் படாத ஒரு பக்கச் சரிவில், இரவு விழுந்த மா யாரும் மிதிக்காமல் கிடந்தது. ஸ்கி தானாக அதற்குள் புகுந்தது. சத்தமே இல்லை. முழங்கால் வரை மா, நான் அதற்கு மேலே. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் அவனோடு சேரலாம் என்று நினைத்தேன். அந்தச் சரிவு திரும்பவில்லை. அது வேறு பக்கமாக, வேறு ஒரு லிப்டடியில் போய் முடிந்தது.

சரி, அவன் என்னைக் காணாமல் இந்தப் பக்கம் இறங்கி வருவான் என்று நின்றேன். திரும்பவும் மேலே ஏறலாமா என்று யோசித்தேன். நான் ஏறுகிற நேரம் பார்த்து அவன் இறங்கிவந்தால்? கீழே நிற்பவன் அசையக்கூடாது. நான் அசையவில்லை. சரிவில் இறங்கிய ஒவ்வொரு உயரமான ஆளையும் பார்த்தேன். யாரும் தோளைத் தூக்கவில்லை. மத்தியானம் மா புட்டாகியது. பிறகு கூழாகியது. கொண்டுவந்த பாண் துண்டைச் சாப்பிட்டேன். எனக்கு முதலில் கோபம் வந்தது. புது ஸ்கி கிடைத்ததும் என்னை மறந்துவிட்டான், போகப்போகிறவன்தானே என்று நினைத்தேன். பிறகு எங்கேயாவது விழுந்துகிடக்கிறானோ என்று பயம் வந்தது. லிப்ட் நின்று, கடைசி ஆட்களும் போன பிறகு, ஊருக்குள் போகிற சின்ன பஸ்ஸில் ஏறி, ஸ்கியைக் கடையில் கொடுத்துவிட்டு எங்கள் பேருந்துக்கு வந்தேன்.

அவன் உள்ளே இருந்தான். உதடு நீலம் பாரித்துப்போய், கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு இருந்தான். நாள் முழுக்கச் சறுக்கியவன் அப்படி விறைத்துப்போய் இருக்க மாட்டான். அதைக் கண்டதும் எனக்கு விளங்கியது. ஆனாலும் கேட்டேன்.

"எங்கையடா போனனி?"

"எங்கையும் போகேல்லை. கீழை நிண்டனான்."

"ஒருக்கால் மேலை ஏறி வந்திருக்கலாமே?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நானும் விறைத்துப்போய்த்தான் நின்றிருப்பேன், என் கைகளைப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்தான்.

"நீ இறங்கி வரேக்கை நான் நிக்காட்டி, உனக்கு வேறை ஆர் மச்சான் நிக்கிறது?"

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அவனுக்கும் வந்தது, இருவரும் மறைக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பே அவன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான்.