எலி தேடிய ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், சொல்ல வந்தது முன்னுக்குப் பின்னாகிவிடும், பாதி மறந்தும் போகிறது. இது நடந்தது போன வருஷமா அதற்கு முந்தின வருஷமா என்று மகளைக் கேட்டால், "இதையெல்லாமா எழுதுவாக?" என்கிறாள். அதனால் அவளைக் கேட்பதை விட்டுவிட்டேன். சித்திரை மாதம், அது நிச்சயம். இடம் புதுக்கோட்டை, திருக்கோகர்ணத்தில் என் மகள் வாடகைக்கு இருக்கும் வீடு.

எனக்கு ஒரே மகள். என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு பொன்னமராவதிப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வந்து இருக்கிறேன். எங்கள் வழக்கத்தில் மாமியார் என்பவள் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்க மாட்டாள். உட்கார மாட்டாள். நேராகப் பேச மாட்டாள். இப்போது யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். எனக்குக் கூச்சம் அதிகம். மகளுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் அவரோடு நான் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. "மாப்பிள்ளை சாப்பிட வாராகளான்னு கேளு" என்று மகளிடம் சொல்வேன். மாப்பிள்ளை அங்கேயேதான் இருப்பார். "கொஞ்ச நேரம் ஆகட்டும்னு அத்தைக்கிட்ட சொல்லு" என்பார். நடுவில் நின்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் வெளிநாட்டில் இருந்தவரை இதில் ஒரு தொல்லையும் இல்லை. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேன் ஓட்டினார். நர்சுகளை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதும்தான் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவார். அந்த ஒரு மாதம் நான் ஊர் வீட்டைத் திறந்துகொண்டு அங்கே போய்விடுவேன். மரியாதையும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

அப்புறம் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். நாற்பத்து நான்கு வயது. டிரைவர் வேலை உள்ளூரிலேயே கிடைக்கும், அல்லது மறுபடி விசா எடுப்பார் என்று நினைத்தேன். மனுஷன் நர்ஸ் வேலை படிக்கப் போகிறேன் என்றார். பெரிய படிப்புக்கு வயது தாண்டிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாக நின்று நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஒரு வருஷப் படிப்பு இங்கே டவுனில் இருக்கிறதாம். "பதினெட்டு வருஷமா அவங்களை வாசல்ல எறக்கி விட்டுட்டு நான் வெளியவே நின்னேன். இனிமே நானும் உள்ள போறேன்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அவளும் சரி என்று தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் யார் வழியாகப் பதில் சொல்வது?

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "என்னங்க, ஒங்க மாப்ளை நர்சம்மாவா ஆகப் போறாராம்ல? கொண்டை போட்டுக்குவாரா?" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வைத்துக் கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது.

அதுகூடப் போகட்டும். வீட்டில் நான் பட்ட பாடு பெரிது. மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து வந்துவிடுவார். நான் அடுப்படிக்குள் போனால் அவர் படுக்கும்வரை அங்கேயேதான். டிவி கூடத்தில் இருக்கிறது. நான் பார்க்கிற தொடரில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததா நின்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூடத்தில் அவர் எலும்புகளின் பெயர்களைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்வார். என் மகள் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார். ஒரு நாள் துவையல் அரைக்கப் போனால் அம்மிக் குழவிக்குக் கட்டுப் போட்டு வைத்திருக்கிறார்! முழங்கால் மாதிரி அளவு சரியாக இருந்ததாம். என் கட்டிலில் ஆஸ்பத்திரி மாதிரி விரிப்பை இழுத்துச் செருகி வைத்துவிடுவார். உள்ளே நுழைய நான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். சொல்லவும் முடியாது. மகளிடம் சொன்னால், "நீயே சொல்லேன் ஆத்தா" என்பாள்.

கடைசியில் சாமியிடம் சொல்வது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை இந்தப் படிப்பை விட்டுவிட்டு மறுபடி வெளிநாடு போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திருவரங்குளம் சிவன் கோயிலுக்குப் போனேன். இந்த வேண்டுதலை இதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

பஸ் தாமதம். போய்ச் சேரும்போது உச்சி வெயில் ஏறிவிட்டது. கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தைப் பதினோரு சுற்று சுற்றுவதாக வேண்டுதல். "நடை சாத்தப் போறாக, வெரசா சுத்துங்க ஆத்தா" என்று அங்கே கூட்டுகிற பெண் சொன்னாள். நடப்பதற்கு நார் விரிப்புப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு ஆடி அசைந்து போனது. எனக்குப் பொறுக்கவில்லை. கல்லில் இறங்கி நடந்தேன். மற்றவர்கள் அந்தக் கல்லில் ஒரு எட்டு வைத்துவிட்டுத் துள்ளினார்கள். எனக்குச் சுடவே இல்லை. "எப்படித்தான் நடக்குறீகளோ!" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சாமி என் வேண்டுதலை ஏற்றுக்கொண்டு எனக்காகக் கல்லை ஆற வைத்திருக்கிறது என்று நினைத்தேன். பதினோரு சுற்று சொல்லியிருந்தேன், பன்னிரண்டாவதும் சுற்றினேன்.

எனக்கு எட்டு வருஷமாகச் சுகர். கால் இரண்டும் மதமதவென்று இருக்கும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கால் கழுவும்போது பார்த்தால் இடது பாதத்தில், சுண்டு விரலை ஒட்டி அப்பளம் மாதிரி பொங்கியிருந்தது. ஊக்கால் குத்தித் தண்ணீரை எடுத்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, பழைய சேலையில் ஒரு கிழிசலைக் கட்டினேன். வலி இல்லை. வலி இல்லாத புண்ணுக்கு யாரிடம் என்ன சொல்வது? அதோடு, வீட்டில் இதற்கென்றே படித்துக்கொண்டு ஒருத்தர் கட்டுத்துணியோடு காத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் காலைக் காட்டச் சொல்வார். மாமியாரின் காலை மாப்பிள்ளை தொடுவதா? சேலையைத் தரையில் புரள விட்டுக் கட்டிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை மகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "வீட்ல ஏதோ வாடை அடிக்குதே?"

அவள் முகர்ந்து பார்த்து ஆமாம் என்றாள். நான் சேலையை இன்னும் இறக்கி விட்டுக்கொண்டேன். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தேன்: "எலி செத்துக் கெடக்கும்னு சொல்லு."

அந்த ஒரு வார்த்தைக்கு அந்த மனுஷன் பட்ட பாட்டை என்ன சொல்ல! பீரோவை நகர்த்தினார். தையல் மெஷினைத் தூக்கினார். மேலே லாஃப்டில் கிடந்த வெளிநாட்டுப் பெட்டிகள், போர்வைகள் எல்லாவற்றையும் இறக்கி உதறினார். அரிசி டின்னுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். நான் உள்ளேயிருந்து, "கட்டிலுக்கு அடியில பாக்கச் சொல்லு", "ஜன்னலுக்கு அங்கிட்டு பாக்கச் சொல்லு" என்று யோசனை வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. வகுப்பில்லாத ஒரே நாள் அவருக்கு. அந்த நாளில் பாதியை இல்லாத எலியைத் தேடியே கழித்தார்.

மத்தியானம் அசந்துபோய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மகளிடம் மோர் கொடுத்து அனுப்பினேன். குடித்துக்கொண்டே தரையைப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் சிவப்புத் தரை. அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போகும் வழியில் ஈரக்கால் தடம். வலது கால் ஐந்து விரலோடு பதிந்திருந்தது. இடது கால் பதிந்த இடத்திலெல்லாம் மஞ்சள் கறை.

தம்ளரை வைத்துவிட்டு மகளிடம் சொன்னார்: "எலியைத் தேட வேணாம். அது அடுப்படியில நிக்குது."

அவள் வந்து என் சேலைக் கரையைத் தூக்கிப் பார்த்துப் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும். "ஒனக்குக் கூறு இருக்கா ஆத்தா? அழுகுற காலை வச்சுக்கிட்டு எலியத் தேட விட்டியே!" நான் கொல்லைப்புறம் போய்ப் பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மாப்பிள்ளையிடம் காலைக் காட்ட மாட்டேன் என்று உள்ளேயிருந்தே சொன்னேன். அவள் கதவைத் தட்டித் தட்டித் திட்டினாள். மாப்பிள்ளை உள்ளே போகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

"யாரு?"

"நர்சுங்கம்மா. ஆஸ்பத்திரியில இருந்து வாரேன். கட்டுப் பிரிச்சுப் பாக்கணும்."

திறந்தேன். வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகிற நீல உடுப்பு. கழுத்தில் அட்டை. கையில் ரப்பர் உறை. முகத்தில் மாஸ்க். கண் மட்டும்தான் தெரிந்தது. கொல்லையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். என்னமோ தெரியவில்லை, போய் உட்கார்ந்துவிட்டேன்.

"பேரு என்னங்கம்மா?"

"ஒங்களுக்குத் தெரியாதா?" எரிச்சலில் நேராகவே சொல்லிவிட்டேன். இருபது வருஷத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"யாரா இருந்தாலும் கேக்கணுங்கம்மா. அதுதான் ரூல்."

பேரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். சுகர் இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றார். அடுத்த கேள்வியைக் கேளுங்க என்றேன்.

"வீட்ல யாரு யாரும்மா?"

"மகளும் மாப்பிள்ளையும். பேத்தி திருச்சியில ஹாஸ்டல்ல படிக்கிது."

"மாப்பிள்ளை எப்படி?"

"சொன்ன பேச்சுக் கேக்க மாட்டாக. இந்த வயசுல படிக்கிறேன்னு என் உசுரை வாங்குறாக. குழவிக்கு யாராச்சும் கட்டுப் போடுவாகளா?"

"தப்புத்தாங்கம்மா. கண்டிச்சு வைங்க" என்றார், தலையைத் தூக்காமல். என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கட்டை நனைத்துப் பிரித்தார். எங்கள் பக்கம் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் குனிந்து கழுவினார். செம்பில் தண்ணீர் ஊற்றியவள் நான். அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் அவர் பாதம்தான், முகத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கு அவர் குனிந்திருந்தார். அப்போதும் என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துணி கழன்றதும் அவர் கை நின்றுவிட்டது. விரலால் அழுத்தி, "இங்க தெரியுதா?" என்றார். அவர் அழுத்துவதைக் கண்ணால் பார்க்கிறேன், காலுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் கோயில் கல் ஏன் எனக்குச் சுடவில்லை என்று புரிந்தது. சுண்டு விரல் கறுத்துப் போயிருந்தது.

"அத்தை" என்றார். நர்சின் விளையாட்டெல்லாம் போய்விட்டது. "இது நான் பாக்குற புண்ணு இல்ல அத்தை. ஆட்டோ கூப்பிடுறேன். இப்பவே போகணும்."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் கணுக்கால் வரை எடுத்திருக்க வேண்டும் என்றார். சுண்டு விரலோடு போனது. எத்தனை நாள் அங்கே இருந்தேன் என்பது நினைவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஆடி முடியும்வரை தினமும் காலையில் மாப்பிள்ளைதான் கட்டு மாற்றினார். லீவு நாளில்கூட அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வருவார். அது இல்லாமல் என் காலை அவர் தொட்டதே இல்லை. தினமும், "பேரு என்னங்கம்மா?" என்பார். நானும் பேரைச் சொல்லிவிட்டு, இருந்த குறையெல்லாம் சொல்வேன். கட்டில் விரிப்பு, டிவி, எலும்புப் பாட்டு, எல்லாம். கேட்டுக்கொள்வார். மறுநாள் விரிப்பு தளர்வாக இருக்கும். டிவி அடுப்படி வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வேலை முடிந்து அவர் உடுப்பைக் கழற்றியதும் நான் பழையபடி கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

புண் ஆறியது. கட்டு நின்றது. பேச்சும் நின்றது. அவர் படிப்பை முடித்து டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறார். அந்த உடுப்பு இப்போது ஊராருக்கு. நான் சொல்ல வேண்டிய குறைகள் நிறையச் சேர்ந்துவிட்டன, கேட்கத்தான் நர்ஸ் வருவதில்லை. இப்போதும் கால் கழுவும்போது இடது பாதத்தைத் திருப்பிக் கண்ணால் பார்க்கச் சொல்லியிருக்கிறார், பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம், மரியாதை என்று நான் இருபது வருஷம் ஒளிந்ததற்கு விலை ஒரு விரலோடு நின்றதே என்று தோன்றுகிறது.

மாதம், நாள் கணக்கு, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் யாராவது சரிபார்த்தால் நல்லது. எல்லாம் தெரிந்தவர் மாப்பிள்ளைதான். இந்தத் தாளை மகளிடம் கொடுத்து அவரைப் படிக்கச் சொல்லப்போகிறேன். திருவரங்குளத்தில் நான் வேண்டியதும் இதில் இருக்கிறது, படிக்கட்டும். தப்பு இருந்தால் மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். என்னிடமே வந்து சொல்லட்டும். உடுப்பு போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை.