பஞ்சலிங்கத்தாரின் மலைவீடு

"அங்கை இண்டைக்கு மைனஸ் ஒன்பது பாகை குளிர்" என்று எனக்கு அறிவித்துவிட்டுத்தான் பஞ்சலிங்கத்தார் தண்ணீர் மிசினை இயக்குவார். யாழ்ப்பாணத்து உடுவிலில் பங்குனி மாதம் காலை எட்டு மணிக்கே வியர்த்துக் கொட்டும். வெங்காயப் பாத்திக்குள் வெறுங்காலோடு நின்று வாய்க்காலைத் திருப்பிவிடும் அவருடைய தலையில் மட்டும் கம்பளித் தொப்பி இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரன் என்ற உரிமையில் காரணம் கேட்டால், தலை குளிர்கிறதாம். பச்சைப் பொய்.

போன வருடம் தை மாதம் சுவிஸ் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பது என் கணிப்பு. இறைத்துக்கொண்டே நின்றுவிடுவார். தண்ணீர் அடுத்த பாத்திக்குள் பாயும். "மேகம் எங்களுக்குக் கீழ கிடந்தது, தம்பி. சேர்ச் மணிச்சத்தம் கேக்கும், சேர்ச் தெரியாது" என்பார். அப்போது அவர் கண்கள் போகும் தூரத்தில் எனக்குப் பனைகள்தான் தெரியும்.

ஆரணி அவருடைய ஒரே மகள். ஒன்பது வயதில் தாயை இழந்தவள். சுவிஸுக்குப் படிக்கப் போன இடத்தில் லூக்கா என்ற வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். நாலு வருடமாக இவர் மருமகனின் பெயரை வாயால் உச்சரிக்கவில்லை. பிள்ளை படும் பாட்டைக் கண்ணால் கண்டு, கையோடு கூட்டிவந்துவிடுவது என்ற வைராக்கியத்தில்தான் விமானம் ஏறினார்.

ஆரணி கணவனோடும் மாமியாரோடும் இருந்தது மலையுச்சியில் கடைசி வீடு. பின்பக்கத்து முகடு தாண்டினால் இத்தாலி. முதல் நாள் லூக்கா முகட்டைக் காட்டியதும் இவர் எல்லைக் காவல் சென்றி எங்கே என்று தேடியிருக்கிறார். சென்றியும் இல்லை, முட்கம்பியும் இல்லை. நம்பவில்லை. அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் கடவுச்சீட்டோடு எங்கள் ஊர் அடையாள அட்டையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம்.

பெரிய பிழை அன்று மாலையே நடந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்துபோய் வாசற்கதவை விரியத் திறந்துவிட்டார். வெளியே முழங்காலளவு பனி. லூக்காவின் தாய் லூச்சியா ஓடிவந்து சாத்தினார். இவர் மறுபடி திறந்தார். அவர் சாத்தினார். விளக்கு வைக்கையில் கதவு மூடியிருந்தால் இலட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாள் என்பதை எந்த மொழியில் சொல்வது? விருந்தாளி கோபித்துக்கொண்டு வெளியே போகப் பார்க்கிறார் என்று அந்த மனுசி கலங்கிப் போனார். ஆரணி வேலையால் வந்துதான் விளக்கம் சொன்னாள்.

மறுநாள் அந்த நேரத்துக்கு லூச்சியாவே கதவைத் திறந்தார். கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, இவருக்கும் ஒன்றைப் போர்த்திவிட்டு, ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றார். மூன்று மாதமும் அது தவறவில்லை.

"அதைக்கூட விடு" என்பார். ஒரு விடியற்காலை அடுப்படிக்குள் தற்செயலாக எட்டிப் பார்த்தாராம். வேலைக்குப் புறப்பட்ட ஆரணியை இருத்தி, லூச்சியா தலைவாரிப் பின்னிக்கொண்டிருந்தார். இவர் சத்தமில்லாமல் திரும்பிவந்து கட்டிலில் இருந்து அழுதிருக்கிறார். கூட்டிவரும் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

போன வியாழன் ஆரணி அழைத்தாள். லூச்சியாவுக்கு இருதயத்தில் அடைப்பு, மறுநாள் சத்திரசிகிச்சை. ஒன்பது வயதில் அழுத அதே குரலில் பிள்ளை அழுததாக என்னிடம் சொன்னார். ஒரு பிள்ளைக்கு எத்தனை தரம் தாய் போவது என்று கேட்டார். அன்று மிசின் இயங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு அவரோடு போனேன். வாராவாரம் இரண்டு பெயருக்கு அர்ச்சனை செய்பவர் என்பதால் ஐயர் தட்டை வாங்கியதுமே, "பஞ்சலிங்கம், அத்தம். ஆரணி, ரோகிணி" என்று பெயரும் நட்சத்திரமுமாகத் தொடங்கினார்.

"என்ரை பேர் வேண்டாம், ஐயா. லூச்சியா எண்டு சொல்லுங்கோ. எங்கடை சம்பந்தியம்மா."

ஐயர் கொஞ்சம் தயங்கிவிட்டு நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாது. அத்தம் எண்டே சொல்லுங்கோ."

"அது உங்கடையெல்லோ?"

"ஓம். இண்டைக்கு அவவுக்கு இருக்கட்டும்."

ஐயர் அந்தப் பெயரை மெல்ல எழுத்துக் கூட்டுபவர்போலச் சொல்லி அர்ச்சனையை முடித்தார். மணி அடித்தது. கற்பூரத்தட்டு எங்கள் பக்கம் வந்தபோது, பஞ்சலிங்கத்தார் தான் நின்ற இடத்தை ஓராள் நிற்கும் அளவுக்கு விட்டுவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்று கும்பிட்டார்.