எழுத முடிந்தது, வாசிக்க முடியவில்லை

2013 மார்ச் 14, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். சுபஹு தொழுதேன். கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் இறைத்தேன். 5.40க்கு வழமைபோல யாசீன் ஓதக் குர்ஆனை விரித்தேன். எழுத்துகள் தெரிந்தன. ஆனால் எது எந்த எழுத்தென்று விளங்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்தேன். சுவரிலிருந்த தமிழ்க் கலண்டரைப் பார்த்தேன். அதுவும் எறும்பு ஊர்வதுபோலக் கிடந்தது. தலை லேசாக வலித்தது. கை, கால், வாய்க்கு ஒரு குறையுமில்லை.

1990இல் மன்னாரிலிருந்து வெளியேறியபோது உம்மா நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த குர்ஆன் அது. இருபத்திரண்டு வருடமாகப் புத்தளத்துப் பள்ளிவாசல்துறையில் அதை வைத்துத்தான் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிறேன். அல்லாஹ் தன் எழுத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு என்ன பாவம் செய்தேன்? அந்த நினைப்பு என் வாயைக் கட்டிவிட்டது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஓதப் பெண்கள் வந்தார்கள். யாசீன் எனக்கு மனப்பாடம். விளங்காத பக்கத்தில் விரலை ஓட்டி, ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதினேன். என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு சரீனா சிரித்தாள்.

"ராத்தா தாளே பிரட்டல்ல. மனசுக்குள்ளயே பிரட்டுறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூட்டிய அறைக்குள் இருந்து சிரித்ததுபோல இருந்தது.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு நாட்குறிப்பை எடுத்தேன். கை பழக்கத்தில் எழுதியது. "யா அல்லாஹ், காலையிலிருந்து எனக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீயே யாருக்காவது அறிவித்துவிடு." எழுதியதைத் திரும்ப வாசிக்கப் பார்த்தேன். முடியவில்லை. வெறும் கிறுக்கல் என்று நினைத்து மூடாமலே வைத்துவிட்டேன்.

இரவு 7.10க்குத் தேத்தண்ணி கொண்டுவந்த மகள் ரிஸானா மேசையருகே நின்றுவிட்டாள்.

"உம்மா, இது உண்மையா?"

"எது?"

"எழுத்துத் தெரியலன்னு இவ்வளவு அழகா எழுதி இரிக்கிறீங்களே."

ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லி, என் வலப்பக்கம் விரலை நீட்டிக் காட்டினாள். எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை; இடப்பக்கம் காட்டியபோது தெரிந்தது. கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, விடிந்ததும் கண் டாக்டரிடம் போவோம் என்றார் என் கணவர்.

"ரெண்டு கண்ணிலயும் வலப்பக்கம் மட்டும் எப்பிடிப் போகும் வாப்பா? ஓட்டோவுக்குச் சொல்லுங்க."

புத்தளத்தில் பார்த்துவிட்டு அம்புலன்ஸில் சிலாபத்துக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் தெரிந்தது. மூளையின் பின்பக்கம் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. பாரிசவாதம், ஸ்ட்ரோக். காலையிலேயே வந்திருந்தால் இன்னும் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் ஒளித்தது பதின்மூன்றரை மணித்தியாலம். வலப்பக்கப் பார்வை இன்றும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் இன்னொரு அடைப்பு வராமலிருக்க மருந்து அன்றே தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, அவன் என்னைத் தண்டிக்கவில்லை. நான் கேட்டபடியே, என் கையாலேயே என் மகளுக்கு அறிவித்தான். கை கால் விழாமலும் பாரிசவாதம் வரும். திடீரென்று பார்வையோ பேச்சோ வாசிப்போ மாறினால், பாவம் என்று எண்ணி மறைக்காதீர்கள். அவன்மேல் பாரம் சாட்டி, அந்த நிமிடமே வீட்டாரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்போதெல்லாம் என் நாட்குறிப்பை ரிஸானா தினமும் வாசிக்கிறாள். நான் எதையும் ஒளிப்பதில்லை.

அடைப்பு வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுச் சுத்தம் செய்யும் தயம்மும் செய்து சுபஹு தொழுதேன். தொழுததும் முதல் வேலையாக, ரிஸானா விரித்துப் பிடித்த யாசீன் கிதாபில் அவள் காட்டிய ஓர் அரபு எழுத்தின்மேல் சுட்டுவிரலை வைத்தேன். கண்ணுக்கு விளங்காத அதன் வளைவோடு மெதுவாக இழுத்தேன். கீழே ஒரு புள்ளி.

"பே" என்றேன்.