தாகத்துக்கு நிற்கும் பேருந்து

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையில், பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மண்பாதை பிரியும். அது ஓடைமேட்டுக் காலனிக்குப் போகிற பாதை. பிரிகிற இடத்துக்கு முனை என்று பேர். முனையில் ஒரு புங்கமரம் இருந்தது, ஒரு மைல்கல் இருந்தது, காத்துக்கொண்டு நிற்க ஆட்களும் இருந்தார்கள். பேருந்து மட்டும் அங்கே நிற்காது.

கங்கையம்மாள் அந்தக் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே அது நின்றதில்லை. எல்லாரும் செவிலிமேட்டில் இறங்கி நடப்பார்கள். அவளும் நடந்தாள். டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கிவிட்டு, புளிவாசனை போகாத கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, டிப்பர் லாரி கிளப்பிவிட்ட புழுதிக்குள்ளே நடந்தாள். வீட்டில் ஓர் எருமை, கொத்தனார் வேலைக்குப் போகிற புருஷன் பூவராகவன், ஒரே மகள் திரிஷா. தனக்காக எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், மகள் நர்சிங் படிக்கச் சேர்ந்த பிறகுதான் பேருந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தாள்.

திரிஷாவுக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்து கிளம்பும்போதே இருட்டிவிடும். ஒருநாள் நடந்து வருகையில் டிப்பர் ஒன்று உரசினாற்போலப் போய், பை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக அவள் பள்ளத்தில் விழுந்தாள். முழங்கை சிராய்த்ததைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் பூவராகவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"முனையில பஸ்ஸு நின்னா படிக்கட்டும். நிக்கலன்னா வூட்டுல இருக்கட்டும். சித்திரை முடியற வரிக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க," என்றான்.

"அப்ப பாஸாவ வேண்டியது பஸ்ஸுதான், நான் இல்ல," என்றாள் திரிஷா, முழங்கையில் மருந்து தடவிக்கொண்டே.

அந்த மாதமே கங்கையம்மாள் வேலை செய்கிற மண்டபத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கு மாவட்டத்தின் போக்குவரத்து எப்படி இருக்க வேண்டும் என்று பொதுமக்களைக் கேட்கப் போகிறார்களாம். நாற்காலி வந்தது, திரை வந்தது, வடை வந்தது. பொதுமக்கள்தான் வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தால் போட்டோவில் தெரியும் என்று, பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

திட்டம் எழுதுகிற கம்பெனியிலிருந்து பிரேம்நாத் என்கிற இளைஞர் வந்திருந்தார். திரையில் வட்டச் சாலை வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பாலங்கள் வந்தன. ஆகாயத்தில் ரயில் போயிற்று. சாலைகளில் மாடு இல்லை, குப்பை இல்லை. நடந்து போகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்களாக இருந்தார்கள். அதற்குள் நம் ஜனமெல்லாம் எங்கே போயிருப்பார்கள் என்று கங்கையம்மாள் யோசித்துக்கொண்டிருந்தபோது, "பெண்கள் தரப்புல யாராவது பேசுங்கம்மா," என்றார் பிரேம்நாத். பக்கத்தில் இருந்தவள் இடித்த இடியில் கங்கையம்மாள் எழுந்துவிட்டாள்.

"எங்க முனையில பஸ்ஸு நிக்கணும் சார்."

"நிழற்குடை கட்டணுமா?"

"கட்ட வேணாம் சார். நின்னா போதும்."

"ரோட்டை அகலப்படுத்தணுமா?"

"ரோடு இருக்குது சார்."

"அப்ப புது பஸ் விடணும்."

"பஸ்ஸும் இருக்குது. போயிக்கினே இருக்குது. அத்த நிறுத்தணும்."

"அதுக்கு எவ்வளவு செலவாகும்னு நினைக்கிறீங்க?"

"செலவு இன்னா சார் செலவு. பிரேக்குதான்."

கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர். பொறுமையாக விளக்கினார். "இது திட்டம்மா. திட்டம்னா நிதி ஒதுக்கணும். செலவே இல்லாத வேலையை நான் எந்தத் தலைப்புல சேக்கறது? ஒரு பாலம் கேளு, எழுதிக்கறேன்."

பாலம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

அப்புறம் அவள் ஏறாத படி இல்லை. மைல்கல்லுக்கு வடக்கே மாநகராட்சி, தெற்கே ஊராட்சி. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, பேருந்து டிப்போவுடையது. டிப்போவில் ஊராட்சித் தீர்மானம் கேட்டார்கள். ஊராட்சியில், ஆட்கள் நிற்கிற இடம் மாநகராட்சி என்றார்கள். மாநகராட்சியில், இறங்குகிற ஆட்கள் ஊராட்சி என்றார்கள். யாரும் அவளை விரட்டவில்லை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். புங்கமரத்தின் நிழல் ஒருபொழுது மாநகராட்சியில் விழுந்தது, ஒருபொழுது ஊராட்சியில் விழுந்தது. அதற்கு மட்டும் தீர்மானம் தேவைப்படவில்லை.

சித்திரை பிறந்தது. வெயில் ஏறினால் தண்ணீர்ப் பந்தல் முளைக்கும். கட்சிக்கு ஒன்றாக முளைக்கும். செவிலிமேட்டு நிறுத்தத்தில் அந்த வருஷம் நான்கு பந்தல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அஞ்சாவதாகப் பந்தல் போட இடம் தேடி நின்றார் கவுன்சிலர் சிவராஜ். கையில் சுருட்டிய பிளெக்ஸ், அதற்குள் அவருடைய முகம்.

கங்கையம்மாள் அவரிடம் போனாள். "தம்பி, இங்க வெச்சா உம் மூஞ்சி அஞ்சாவது மூஞ்சி. எங்க முனையில வெச்சா அது ஒண்ணுதான் மூஞ்சி. பாலத்துலேந்து வரவனுக்கும் தெரியும், போறவனுக்கும் தெரியும்."

"அது நம்ம வார்டுல வருமாக்கா?"

"கல்லுக்கு இந்தாண்ட வெச்சா வரும்."

சிவராஜ் பிளெக்ஸை ஒருதரம் விரித்துப் பார்த்தார். அதில் இருந்த முகமே சரியென்று தலையாட்டியது போல இருந்தது. மறுநாளே புங்கமரத்தடியில் பந்தல் எழுந்தது. தர்பூசணி, வெள்ளரி, ரோஸ்மில்க், ரிப்பன், போட்டோ. அன்றைக்குப் பேருந்தும் நின்றது. வழியை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றால் எதுதான் நிற்காது. அடுத்த நாள் பானையில் தண்ணீர் மட்டும் இருந்தது. அதற்கடுத்த நாள் பானை மட்டும் இருந்தது. சிவராஜ் பிளெக்ஸில் கும்பிட்டபடியே இருந்தார்.

மூன்றாம் நாளில் பந்தல் வெறும் பானையாகிவிடும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். கங்கையம்மாளுக்கும் தெரியும். அந்தப் பானைக்காகத்தான் அவள் பந்தலே கேட்டிருந்தாள். எருமைப் பாலில் டீக்கடைக்குப் போனது போக மிச்சத்தை உறை ஊற்றிக் கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, பானையை நிரப்பினாள். பேருந்து பாலத்திலிருந்து இறங்கும்போது சொம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றாள்.

டிரைவர் காசிநாதன் முதல் நாள் பார்த்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அனல் அடித்த மத்தியானத்தில் பேருந்து புங்கமரத்தடியில் பெருமூச்சு விட்டு நின்றது.

"இஞ்சி போட்டுக்கிறியாமா?" என்று குடித்துக்கொண்டே கேட்டார்.

"போட்டுக்கிறன்பா. சாயங்காலம் வரசொல்ல இன்னும் குளிர்ச்சியா இருக்கும். எம் பொண்ணும் உன் பஸ்ஸுலதான் வரும்."

காசிநாதன் வாயைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் திரிஷா முனையில் இறங்கினாள். அவளோடு காலனி ஜனமும் இறங்கியது. பூவராகவன் அதைப் பார்த்தான். ராத்திரிச் சோற்றின்போது, "நிக்கற வரிக்கும் படிக்கட்டும்," என்றான். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க முடியாது.

அந்த 'நிக்கற வரிக்கும்' கங்கையம்மாளின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கத்திரி முடிந்தது. மற்ற பந்தல்களைப் பிரித்துக் கழிகளைக் கொண்டுபோனார்கள். முனைப் பந்தலைப் பிரிக்க சிவராஜுக்கு மறந்துபோனது, அவள் நினைவுபடுத்தவில்லை. ஐப்பசி மழையில் மோரை யார் குடிப்பார்கள்? சுக்குக் காப்பி போட்டாள். காசிநாதனுக்குச் சளி பிடித்தால் மிளகு கூட்டினாள். மண்டபத்தில் முகூர்த்த வேலை என்றால் மகளே கிளம்பும் முன் போட்டு வைத்தாள். எருமை சினையாகிப் பால் வற்றியபோது கடனுக்குத் தயிர் வாங்கினாள். பேருந்து நின்றுகொண்டே இருந்தது.

கார்த்திகையில் பிரேம்நாத் திரும்பி வந்தார். திட்டத்துக்காகப் பேருந்துகள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்க்க வந்தாராம். தினமும் காசிநாதனின் பேருந்தில் போய் வந்தார். முதல் நாளே முனையில் வண்டி நின்றதும் நிமிர்ந்தார்.

"இங்க ஏன் நிறுத்தறீங்க? இது ஸ்டாப்பிங் இல்லையே."

காசிநாதன் கையில் இருந்த டம்ளரை ஸ்டியரிங்குக்குக் கீழே இறக்கினார். "பொதுமக்கள் கோரிக்கை சார்."

பிரேம்நாத் இறங்குகிற ஜனத்தை எண்ணிக்கொண்டார். கங்கையம்மாள் பானைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சுக்குக் காப்பி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டத்தில் முனை ஏறிவிட்டது. தானாக உருவான நிறுத்தம், உடனே மேம்படுத்த வேண்டியது என்று எழுதினார்களாம். நிதி பாய்ந்தது. முதலில் புங்கமரத்தை வெட்டினார்கள், நிழற்குடை கட்ட இடம் வேண்டும் என்று. அப்புறம் எஃகுத் தூண், எஃகு நாற்காலி, ராத்திரியில் நீலமாக எரிகிற விளக்கு, பேருந்து வருகிற நேரத்தைக் காட்டுகிற பலகை, எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கேமரா, சிவராஜின் முகம். கட்டி முடிகிற வரைக்கும் ஜல்லிக் குவியல் ஓரமாகப் பானை இருந்தது. திறப்பு விழா அன்று, அழகு கெடுகிறது என்று எடுக்கச் சொன்னார்கள். கங்கையம்மாளும் சந்தோஷமாகத்தான் எடுத்துப் போனாள். அன்றிரவு வெகு காலத்துக்குப் பிறகு அவள் தயிருக்கு உறை ஊற்றவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் பேருந்து நிழற்குடையைக் கடந்து நேரே பாலத்தில் ஏறிப் போய்விட்டது.

உள்ளே திரிஷா இருந்தாள். ஆற்றுக்கு அந்தக் கரையில் இறங்கி, பாலத்து இருட்டில் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு திரும்பி நடந்து வந்தாள். அவள் வருகிறவரை பூவராகவன் நீல விளக்கின் கீழே நின்றுகொண்டிருந்தான். வந்ததும், "போதும். நாளைலேந்து வேணாம்," என்றான். திரிஷா போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விடிந்ததும் கங்கையம்மாள் செவிலிமேட்டுக்கு நடந்தாள். பேருந்து வந்து நின்றதும் டிரைவர் ஜன்னலருகே போனாள்.

"இன்னாபா இப்படிப் பண்ணிட்ட?"

காசிநாதனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நிழற்குடை செட்டு போட்டது மாநகராட்சிமா. நிக்கச் சொல்ல வேண்டியது டிப்போ. ஆர்டரு வரல. செட்டாண்ட நிறுத்தினா கேமராவுல தெரியும். யாரைக் கேட்டு நிறுத்தினேன்னு மெமோ குடுப்பாங்க."

"முன்ன மட்டும் ஆர்டரு வந்துச்சா?"

"முன்ன நிறுத்தம் இல்லியேமா. தாகத்துக்கு நின்னேன். தாகத்துக்கு நின்னா எவன் கேப்பான்?"

"ஆர்டரு எப்ப வரும்?"

"அடுத்த திட்டத்துல வரும்போலக்குதுமா," என்றார் காசிநாதன்.

வீட்டுக்கு வந்து மகளைக் கிளப்பினாள். பூவராகவன் தடுக்க வாயைத் திறந்தபோது, "இன்னிக்கு ஒரு நாளு வுடுயா. நிக்கலன்னா நானே நிறுத்திடறேன்," என்றாள். பேருந்தைச் சொன்னாளா படிப்பைச் சொன்னாளா என்று அவன் கேட்கவில்லை.

சாயங்காலம் நிழற்குடையைத் தாண்டி, கேமராவுக்கு எட்டாத தூரத்தில், மைல்கல்லுக்குப் பக்கத்தில் பானையை இறக்கி வைத்தாள். அங்கே விளக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் டார்ச் வெளிச்சம் வந்தது. பூவராகவன். வேலையிலிருந்து நேரே வந்திருந்தான், கால் முழுக்க சிமெண்ட். சொம்பை அவள் கையிலிருந்து வாங்கி, டார்ச்சை அதன் மேல் அடித்து உயரே பிடித்தான்.

பேருந்து வந்தது. நிழற்குடையின் பலகை, தகவல் இல்லை என்று காட்டியது. வண்டி அதைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து, மைல்கல்லருகே வந்து நின்றது. திரிஷா இறங்கினாள். பின்னாலேயே காலனி ஜனம் இறங்கியது.

காசிநாதன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். "இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்குதுமா."

"நாளைக்குக் கொறைக்கறேன்பா."

வண்டி போன பிறகு மூவரும் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்த எருமை, எஃகு நாற்காலிகளுக்கு முன்னால், நீல விளக்கின் கீழே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"மழை வந்தா இன்னா பண்ணுவ?" என்றான் பூவராகவன்.

"செட்டுல ஒதுங்கி நிப்போம்யா," என்றாள் கங்கையம்மாள். "அதுக்குத்தானே கட்டிக் குடுத்துக்கிறாங்க."