ஒரு ஆளுக்கான மெஷின்

மெக்கானிக்கல் டிசைனில் மேற்படிப்புக்குச் சேர்ந்ததும் முதல் பாடமாக ஒரு மந்திரம் ஓதுவார்கள்: மெஷினை யோசிக்காதே, அதை ஓட்டப்போகிறவரை யோசி. ஆஹா, என்ன ஞானம்! ஓட்டப்போகிறவர் ஊரில் இருப்பாரா என்பதை மட்டும் எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடித்துவைக்க பிஜியின் பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த வருடம்தான் நான் தலைநகர் சுவாவில் அந்தப் படிப்பில் இருந்தேன்.

எங்கள் வீடு பா என்கிற ஊரில், கரும்புக் காட்டுக்கு நடுவில். அம்மா காலமாகி வெகுநாள். அப்பா, இரண்டு அண்ணன்கள், ஒரு தம்பி. வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டி, தோளில் சுமந்து, சாய்த்து வைத்த பலகையில் ஏறி லாரியில் போடுவார்கள். அப்பாவின் தோள் செருப்புத் தோல்போல் காய்த்திருக்கும். அதைப் பார்த்துத்தான், கையால் சுற்றிக் கரும்பை ஏற்றும் ஒரு சின்னக் கிரேனை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

"ஈஸியான டாபிக்மா, ஒரே வருஷத்துல முடிச்சிடலாம்" என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த என் கைடு. பாவம், நல்ல மனுஷர்.

முதல் வரைபடம் நாலு பேருக்கானது. கீழே கரும்புக் கட்டை மாட்ட ஒருவர், கைப்பிடியைச் சுற்ற ஒருவர், பாரம் பின்னால் இறங்காமல் கயிற்றைப் பிடிக்க ஒருவர், லாரி மேல் நின்று அவிழ்க்க ஒருவர். வீட்டில் ஆம்பிளைகளும் நாலு பேர். இதைவிடப் பொருத்தமான டிசைன் உலகத்தில் உண்டா? அதைக் கைடு பார்த்து முடிப்பதற்குள் பெரியண்ணன் குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு ஹாலிடே போய்விட்டான்.

எங்கள் ஊரில் யாரும் நாட்டை விட்டுப் போனதே கிடையாது. எல்லாரும் ஹாலிடேதான் போனார்கள். தையல் மெஷின், சாமி படம், பிள்ளைகளின் பள்ளி சர்டிபிகேட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிற ஹாலிடே. போவதற்கு முன் ஆட்டுக்கறி சமைத்து, நங்கோனா என்கிற போதை வேரை இடித்துத் தண்ணீரில் கலக்கி, அக்கம்பக்கமெல்லாம் உட்கார்ந்து குடிக்கும். எப்போது திரும்புவாய் என்று மட்டும் எவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மரியாதை இல்லை. இதில் பிறரை நான் என்ன சொல்வது? பின்னாளில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு நானும் ஹாலிடே வந்தவள்தான். தமிழை எழுதப் படித்ததே அந்த ஹாலிடேயில்தான்.

கைப்பிடியை விட்டாலும் பாரம் இறங்காதபடி ஒரு வார்ம் கியரைப் போட்டு, கயிறு பிடிக்கிற ஆளைக் கழித்தேன். மூன்று பேர் போதும் என்று பெருமையாக எழுதி முடித்தேன். சின்னண்ணனுக்கு பிரிஸ்பேன் விசா வந்தது. கீழே நின்று இழுத்தால் தானாக அவிழும் கொக்கி ஒன்றைச் செய்து, லாரி மேல் நிற்கிறவரையும் கழித்தேன்.

"ஏம்மா, உங்க வீட்டுல ஒருத்தருக்கு விசா வந்தா இங்க எனக்கு ஒரு சாப்டர் மாறுது" என்று கைடு தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரே ஆள் ஓட்டுற மாதிரி பண்ணித் தொலை. இனிமே எவன் எப்பக் கிளம்புவான்னு யாருக்குத் தெரியும்?" சொன்னவர் தன் வீட்டு ஃபிரிட்ஜை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தது டிபார்ட்மென்ட் முழுக்கத் தெரியும்.

வீட்டில் மிச்சம் அப்பாவும் தம்பியும். அண்ணன்கள் போன் செய்து தம்பியைக் கூப்பிட்டபடியே இருந்தார்கள். அவனாவது தன்னோடு இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். பேச்சு வரும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்: "போறவன் போவட்டும். கரும்ப யாரு ஏத்தறது?" தம்பி கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவான்.

எனக்கோ அண்ணன்கள் மேல் எரிச்சலான எரிச்சல். போங்கடா, நீங்கள் ஒருத்தரும் இல்லாமலே என் அப்பா கரும்பு ஏற்றுவார் என்று கறுவிக்கொண்டு வேலை செய்தேன். மாட்டிய கட்டு ஆடாமலிருக்க ஒரு தாங்கி, பாதிப் பலத்தில் சுற்றப் பெரிய சக்கரம், நின்ற இடத்திலிருந்தே கை எட்டுகிற நெம்புகோல். கோபத்தில் செய்த டிசைன் இத்தனை நன்றாக வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சோதனை எங்கள் காட்டிலேயே நடந்தது. கைடும் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரும் தொப்பியோடு வரப்பில் நின்றார்கள். அப்பா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்து, கட்டை மாட்டினார், சுற்றினார், திருப்பினார், கயிற்றை இழுத்தார். கட்டு லாரியின் நட்டநடுவில் போய் விழுந்தது. கைடு கை தட்டியே விட்டார். அடுத்த கட்டையும் அப்பாவே ஏற்றினார், சிரித்துக்கொண்டே.

தம்பி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றான். அறுவடைக் காலத்தில் அவன் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. "தீதி, அப்பா தனியாகவே எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார் இல்லையா?" என்று இந்தியில் கேட்டான்.

"பேஷா!" என்றேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டான். பெரியண்ணன் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறானாம். இரண்டு வாரம் ஹாலிடேயாம்.

அப்பா பழக்கத்தில், "கரும்ப யாரு..." என்று ஆரம்பித்தார். ஜன்னல் வழியாக வெளியே மெஷின் நிற்பதைப் பார்த்தார்.

ஆய்வுக்கு முதல் தரம் போட்டார்கள். ஒரே ஆள் இயக்கும் எளிய அமைப்பு என்று எக்ஸாமினர் வாயாரப் புகழ்ந்தார். தம்பியை நாடி விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, லவுட்டோகா ஊரைத் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நல்லாத்தான் செஞ்சே பாப்பா. இன்னொரு ஆளு வேணும்ங்கிற மாதிரி உட்டிருக்கக் கூடாதா?"